பால்சோற்றுக்கு வராத பூனைகள்

கோழிகளைக் கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடை ஒன்று. அதன் ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கும் ஒரு சாண் குச்சி, குச்சியில் கட்டிய சணல் கயிறு, கூடைக்குள் வாழையிலைத் துண்டில் பால்சோறு. செஞ்சி மண்டித் தெருவில் வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பின்னே மறைந்துகொண்டு, அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி மூன்று நாள் மாலையில் இரண்டு பேர் காத்திருந்தோம். ஒருவர் நயினாரம்மா, மற்றவன் நான். ஒரு பூனையும் வரவில்லை.

அறுபதுகளில் நான் அவ்வூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். மாலைதோறும் சிவன் கோயிலில் பதிகம் பாடுவதை என் பிறவியின் பேறாகக் கருதியிருந்தவன். நயினாரம்மா மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, செஞ்சியில் மண்டி வைத்திருந்த நயினாருக்கு வாழ்க்கைப்பட்டவர். வடிகட்டாத நீரை அருந்தமாட்டார். பொழுது சாய்ந்தபின் உண்ணமாட்டார். எலிக்காக மண்டிக்காரர்கள் விட்டுவைத்த பூனைகள் அந்தத் தெருவில் பெருகிவிட்டிருந்தன. மூட்டைகள் நாறின. வண்டிச் சக்கரத்தில் குட்டிகள் நசுங்கின. அமாவாசையன்று ஊரே மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடும், தெரு வெறிச்சோடிக் கிடக்கும், அன்றைக்குக் கருவாட்டில் விஷம் தடவி வைத்துவிடுவது என்று மண்டிக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் நயினாரம்மா நுழைந்தார். அவர் கணவரும் அங்கே அமர்ந்திருந்தார்.

"மூணாவது அமாவாச வரைக்கும் டைம் குடுங்க. இந்தத் தெருவுல இனிமே ஒரு குட்டி பொறக்காம நான் பாத்துக்கறேன்."

ஒருவர் சிரித்தார். "இன்னாம்மா, பூனைக்குமா குடும்பக் கட்டுப்பாடு?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நயினார் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் மூன்றாம் அமாவாசையன்று அறுவை ஆகாத பூனை ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் விஷம் வைக்கப்படும் என்பது நிபந்தனை. மறுநாள் பள்ளி விட்டு அவ்வழியே வந்த என்னை அம்மா கூப்பிட்டு, "வாத்தியாரே, கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார். மறுக்க எனக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

எங்களுக்கு மூன்றாமவர் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். கத்தோலிக்கக் கிராமத்துக்காரர். டாக்டரிடம் மன்றாடிச் சனிக்கிழமைப் பிற்பகல்களைப் பூனைகளுக்கென்று வாங்கித் தந்தவர் அவர்தான். நான்காம் நாள் வந்து எங்கள் கூடைக்குள் எட்டிப் பார்த்தவர் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னார்: "இன்னா வாத்தியாரே, ரெண்டு பேரும் சேந்து பூனைய விரதம் இருக்கச் சொல்றீங்களா? கருவாடு வையிங்க." மீனைத் தொட்டறியாத எங்கள் இருவருக்கும் அது தோன்றவேயில்லை. கருவாட்டை அவரே தம் கையால் வைத்தார். இருட்டுவதற்குள் இரண்டு பூனைகள் அகப்பட்டன.

அன்று முதல் கருவாடு அவர் பொறுப்பு. கயிறும் சுமையும் என் பொறுப்பு. சாக்கு போர்த்திய கூடையில் பூனைகளைக் கொண்டுபோவோம். மயக்கம் கொடுத்து டாக்டர் அறுத்துத் தைப்பார். ஆட்டுக்குக் காதில் அடையாளம் வெட்டுவதுபோல், மயக்கம் தெளியுமுன் இடக்காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். தையல் ஆறும்வரை அம்மாவின் மாட்டுக்கொட்டகையே அவற்றுக்கு வீடு. ஆறியபின் பெரியவை தெருவுக்கே திரும்பும். பழகிய குட்டிகளைப் பக்கத்து அனந்தபுரத்து விவசாயிகள் சிலர் வாங்கிக்கொண்டார்கள். அம்மா சும்மா கொடுத்துவிடவில்லை. பத்து நாள் கழித்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார். பால் வைக்காத ஒரு வீட்டிலிருந்து குட்டியை மடியில் கட்டிக்கொண்டு திரும்பியதும் உண்டு.

எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. உயிருக்கு நோவு செய்யலாமா என்று அவருடைய உறவினர் ஒருவர் வந்து கேட்டார். "வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பாவத்த நான் சுமந்துக்கறேன். விஷம் வெக்கிறவங்க அவங்களுத சுமக்கட்டும்" என்றார் அம்மா. என்னிடம் கோயில் தர்மகர்த்தா, கருப்பை அறுக்கும் காரியத்துக்குத் துணைபோய்க் கருவாட்டு வாடையோடு வருகிறவன் சன்னிதியில் வாய் திறக்கக்கூடாது என்றார். இறைவனின் செவி மதிலுக்குள் அடங்கியதன்று என்று துணிந்து, கோபுர வாயிலுக்கு வெளியே தெருவில் நின்று பாடினேன். ஆனால் ஒன்றை ஒளிக்கமாட்டேன். தெருவில் நின்று பாடியபோதும் சீயக்காய் தேய்த்துக் கையைக் கழுவிக்கொண்டுதான் பாடினேன். தர்மகர்த்தாவின் அருவருப்பில் ஒரு பங்கு எனக்குள்ளும் இருந்தது.

மூன்றாம் அமாவாசை வந்தபோது ஒரு பூனை மிஞ்சியிருந்தது. வால் அறுந்த மூவண்ணப் பெட்டை. மூன்று முறை கூடைக்குத் தப்பியது. கம்பவுண்டரோ ஒரு திருமணத்துக்காகத் தம் கிராமத்துக்குப் போயிருந்தார். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் கிளம்பி ஓய்ந்ததும், மண்டிக்காரர்களின் ஆள் ஒருவன் தெரு நெடுக விஷக் கருவாட்டை வைத்துவிட்டுப் போனான். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். ஒரு பூனைக்கென்று வைத்த விஷம் காது வெட்டிய அத்தனை பூனைகளையும் கொன்றுவிடும்.

அம்மா ஒரு கோணிப்பையோடு வந்தார். முதல் துண்டின் முன் சற்றே நின்றார். பிறகு குனிந்து, வெறுங்கையால் அதை எடுத்துப் பைக்குள் போட்டார். தெருவின் இரு பக்கத்திலும், பலகைகளுக்கு அடியிலும், சாக்கடை ஓரத்திலும் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். நான் கையில் குச்சியோடு, "அதோ ஒன்று, அம்மா" என்று காட்டிக்கொண்டிருந்தேன். நஞ்சைத் தான் ஏற்று உலகைக் காத்தவனை நாள்தோறும் பாடியவன் நான். அவனை வணங்காத ஒருவர் நஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தார். நான் குச்சியை ஏந்திக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பையை ஆழமாகப் புதைத்துக் கல் ஏற்றினோம். சாம்பலிட்டுக் கையை நன்றாகக் கழுவியபின், அம்மா கம்பவுண்டரின் செஞ்சி வீட்டில் இருந்தவர்களிடம் ஆளனுப்பி நல்ல கருவாட்டுத் துண்டு ஒன்றை வரவழைத்தார். தம் கையாலேயே அதைக் கூடைக்குள் வைத்தார்; கயிற்றையும் தாமே பிடித்தார். ராஜகிரிக் கோட்டை மலையின் நிழல் நீளத் தொடங்கிய வேளையில் மூவண்ணப் பெட்டை வந்தது. அம்மா கயிற்றை இழுத்தார்.

மாலையில் திரும்பிய மண்டிக்காரர்கள், கவிழ்ந்த கூடையையும் அதன்மேல் கைவைத்து அமர்ந்திருந்த அம்மாவையும் கண்டார்கள். நடந்ததைக் கேட்டறிந்த ஒருவர், "நயினார் ஊட்டு அம்மா போயும் போயும் கருவாட்டத் தொட்டுட்டீங்களே" என்றார்.

"தொட்டேன். கழுவிட்டேன். செத்த பூனையக் கழுவி எழுப்புவீங்களா?"

 தம் மண்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து, கூடைக்கு அடியில் சாக்கைச் செருகி மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கியவர் நயினார்தான். அதன்பின் நான் அறிய அந்தத் தெருவில் விஷம் வைக்கப்படவில்லை.

அம்மா மறைந்து நெடுங்காலமாயிற்று. சென்ற மாதம் இரண்டு இளம்பெண்கள் என் தெருவில் கம்பிக் கூண்டுகளோடு பூனை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இக்காலத்திலும் இடக்காதின் நுனியைத்தான் வெட்டுகிறார்கள். கோயிலுக்கு அருகே கருவாடு வைக்கக்கூடாதென்று சிலர் அவர்களை மறித்து, பதிகம் பாடும் பெரியவர் நீங்கள் சொல்லுங்கள் என்று என்னிடம் வந்தார்கள்.  கடைத்தெருவுக்கு நடந்துபோய்க் கருவாடு வாங்கிவந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக அதை விரல்களால் பற்றி, எல்லோரும் பார்க்கக் கூண்டுக்குள் வைத்தேன்.

அன்று மாலை அந்தக் கோயிலின் சன்னிதியில் நின்று பதிகம் பாடினேன். கையைக் கழுவிக்கொண்டு போகவில்லை.