அங்க அடையாளம்

தறியில் நூல் அறுந்த நேரத்தைக்கூட நாட்குறிப்பில் எழுதிவைக்கும் சின்ன காஞ்சிபுரத்து நெசவாளி நான். இரண்டு வருடத்துக்கு முன் நடந்த ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டேன்.

என் மகள் மல்லிகா எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். பி.யூ.சி.யில் கணக்குப் பிரிவுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவளோ விண்ணப்பத்தில் வரலாறு என்று எழுதிவிட்டாள்.

"கணக்குன்னாலே கை நடுங்குதுபா" என்றாள்.

"நடுங்குதா? இந்தா, இதுக்கு நடுங்கு!" என்று கத்தி, தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாவை எடுத்து அவள்மேல் வீசினேன். அதன் இரும்பு முனை நெற்றியைக் கிழித்தது. தறியில் இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவில் இரத்தம் தெறித்தது. அப்படியும் ஆத்திரம் அடங்காமல் விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்தேன்.

நான்காம் நாள் புதுப் படிவத்தை நிரப்பி நீட்டினாள். கணக்கு என்றே எழுதியிருந்தாள். வரிவரியாகச் சரிபார்த்தேன். அங்க அடையாளம் கேட்டிருந்த இடத்தில், 'வலது புருவத்தின் மேல் நாடா பட்ட தழும்பு' என்றிருந்தது.

"காயமே இன்னும் ஆறலியேம்மா, அதுக்குள்ள தழும்புன்னு எழுதியிருக்கிறே?"

"ஆறினாலும் போவாதுபா."

பேனாவை வாங்கிக் கணக்கை அடித்துவிட்டு, வரலாறு என்று எழுதினேன். அடையாளத்தில் திருத்த எதுவும் இல்லை.

நாடாவை வீசிய நாளின் பக்கத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். 'மாலை நாலரை மணி, பாவில் கறை' என்று மட்டும் இருந்தது. என்ன கறை என்று இப்போது எழுதிவிட்டேன்.