முதல் வரியில் போட வேண்டிய கல்லூரி

கல்லூரியில் இடம் பிடிக்க வழி சொல்வதால் அந்த ஜெராக்ஸ் கடைக்காரிக்கு ‘சீட் அக்கா’ என்று பெயர். அவள் பள்ளிப் படிப்பையே முடிக்காதவள். கடையின் பின்னறையில் அவள் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள நான் பகல்நேர நர்ஸாக வேலைக்குப் போனேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான். கடைப் பேச்சு முழுதும் காதில் விழும்.

விண்ணப்பக் காலத்தில் கூட்டம் நெரியும். ஆன்லைனில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியலில், எளிதாகக் கிடைக்கும் கல்லூரியைத்தான் பிள்ளைகள் முதலில் எழுதி வருவார்கள். பெரியதைக் கேட்டால் பேராசையாகத் தெரியுமாம்.

“கம்ப்யூட்டர் மேலேருந்துதான் பார்க்கும். முதல் வரில இருக்கறது கிடைச்சுட்டா, கீழ திரும்பியும் பார்க்காது. பிடிச்சத மேல போடு” என்பாள். பிறகு பெற்றோரை வெளியே பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையிடம் தனியாகக் கேட்பாள்.

கடைசி நாளன்று ஒரு அப்பா முறைத்தார். “என் புள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும் சார். அவன் வாயாலயும் ஒரு தடவ கேட்டுக்கறேன். வெளிய நல்லா காத்து வருது, உக்காருங்க.”

அன்றே சொந்த மகளின் முறை வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. நடந்து போகிற தூரத்துக் கல்லூரியை முதல் வரியில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். மாலை ஐந்துக்குப் பட்டியல் பூட்டிவிடும். அப்புறம் மாற்ற முடியாது.

மகளுக்கு ஆசை பிசியோதெரபியில். அது ஐந்து மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால். அப்பாவின் மடங்கிய விரல்களை நீட்டிவிட்டபடி அன்று மதியம் என்னிடம் சொன்னாள்.

“அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானேடி?”

“சொன்னா அனுப்பிடுவாங்க நர்சம்மா. அப்புறம் காலைல அப்பாவ யாரு தூக்கறது?”

அவருக்குப் பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டார்.

நான்கரை மணிக்குத் திரைச்சீலையை விலக்கினேன். “ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் கேக்கற. உள்ள ஒருத்தி இருக்காளே, அவள கேட்டியா?”

“அவளுக்கென்ன? பக்கத்துக் காலேஜ்தானே...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். இயந்திரம் வெற்றுத் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள். மகளைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டு, தானே வெளியே போய், பெஞ்சில் இன்னும் காத்திருந்த அந்த முறைத்த அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து நிமிடத்தில் மகள் கூப்பிட்டாள். “அம்மா, பூட்டிடவா?”

சீட் அக்கா வந்து கம்ப்யூட்டர் திரையில் முதல் வரியை நிதானமாகப் படித்தாள். “ஹாஸ்டல் இருக்கா?”

“இருக்கும்மா.”

“எத்தன பேருக்கு ஒரு பாத்ரூம்?”

“தெரியாது.”

“போன் போட்டுக் கேளு. இதெல்லாம் கேக்காம யாராவது காலேஜ் போடுவாங்களா?”

கேட்ட பிறகுதான் பூட்டவிட்டாள். ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது.

இடம் கிடைத்தது. மகள் பஸ் ஏறிய மறுநாள் நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். அவரைத் தூக்க இடுப்பில் கட்டும் பெல்ட்டை எங்கே பிடிப்பது, முழங்காலை எப்படி மடக்குவது என்று சீட் அக்காவுக்குக் காட்டினேன். முதல் தடவை அவளும் கணவரும் கட்டிலிலேயே சரிந்தார்கள். அவர் வாய் கோணியபடி சிரித்தார்.

“சிரிப்ப பாரு. உங்க பொண்ணு தூக்கறப்ப மட்டும் எடையக் குறைச்சுக் குடுத்தீங்களோ?” என்று அதட்டிவிட்டு, மறுபடி பெல்ட்டைப் பிடித்தாள்.