என் கையெழுத்து மட்டும் கலையாமல் வந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தயங்கினேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். அல்லாஹ்வின் பெயர் சம்பந்தப்பட்ட இடத்தில் நேர்ந்த தவறை நாமே வெளியே சொல்லலாமா என்ற பயமும் இருந்தது. மகள் வயிற்றுப் பேத்தி இப்போது பேசவே ஆரம்பித்துவிட்டாள். இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

கடலூர் முதுநகரில் வீடு, சிப்காட்டில் வேலை. மகளின் நிக்காஹ் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் நானே செய்கிறேன் என்றதும் மனைவி சிரித்தாள்.

"வெள்ளிக்கிழமையானா வாழ்த்துப் படம் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புறீங்களே, அது மாதிரின்னு நெனச்சீங்களா?"

அந்த வாரம் முழுக்கப் புதுப் புது ஃபாண்ட்களாக இறக்கினேன். ஒவ்வொன்றையும் இன்ஸ்டால் செய்ததும் மகளின் பெயரை அதில் போட்டுப் பார்ப்பேன். ஒன்றில் பெயர் கொடியாக வளையும், ஒன்றில் இட்லி மாதிரி உப்பும். அந்த ஆர்வத்தில் சோற்று நினைப்பே இல்லை எனக்கு. பத்திரிகையின் மேல்வரியாக, 'அல்லாஹ்வின் பெயரால்' என்று தொடங்கும் பிஸ்மில்லாஹ்வை ஓர் அரபு ஃபாண்டில் அடித்தேன். எழுத்துகள் கைகோத்துக்கொண்டு நின்றன. உட்கார்ந்தபடியே அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

பத்திரிகையின் கீழே என் பெயரைக் கையெழுத்தாகவே போட ஆசை. வெள்ளைத் தாளில் முப்பது தடவை போட்டு, நன்றாக வந்ததை மொபைலில் படம் பிடித்து, பின்னணியை அழித்துச் சேர்த்தேன்.

"பேங்க்ல கூட இவ்ளோ அழகா போட்டதில்ல" என்றாள் மனைவி.

அவள் தம்பி சிதம்பரத்தில் அச்சகம் வைத்திருக்கிறான். வியாழன் காலை அவனுக்கு ஃபைலை அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பத்திரிகையைப் பள்ளிவாசலில் கொடுத்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்போம். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குள் அது என் கையில் இருந்தாக வேண்டும்.

சற்று நேரத்தில் போன் வந்தது.

"மாமா, இது எந்த ஊரு பாஷை? தமிழு பூரா ஏபிசிடியும் புள்ளியுமா இருக்கு. பிஸ்மில்லாஹ்ல எழுத்தெல்லாம் சண்ட போட்ட மாதிரி தனித்தனியா நிக்குது."

என் ஃபாண்ட்கள் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. அவற்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் ஓதியபடி பஸ்ஸில் போனேன். அச்சகத்தில் இன்ஸ்டால் செய்ததும் தமிழ் சரியாகிவிட்டது. அரபு மட்டும் அப்படியே உடைந்து நின்றது. மச்சானுடைய பழைய சாஃப்ட்வேருக்கு அந்த எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாதாம்.

"பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலா 786ன்னு நம்பர போட்டு முடிச்சிடலாமா மாமா? நெறைய பேரு அப்படித்தான போடறாங்க."

"வேணாம் மச்சான். எழுத்தாவே வரணும்."

சொல்லிவிட்டேனே தவிர வழி தெரியவில்லை. படைத்தவன் பெயரை உடைத்து வீடு வீடாக எப்படிக் கொடுப்பேன்? தலைகுனிந்தபோதுதான் திரையின் அடியில் அதைப் பார்த்தேன். என் கையெழுத்து ஒரு கோடு கூடக் கலையாமல் இருந்தது. அவன் பெயர் சிதறிக் கிடக்க, என் பெயர் மட்டும் முழுசாக. வெட்கத்தில் உடம்பு கூசியது. அடுத்த நிமிஷமே பொறி தட்டியது. அது எழுத்தாகப் போகவில்லை, படமாகப் போயிருக்கிறது. படத்தை எந்தக் கம்ப்யூட்டரும் உடைக்காது.

வீட்டுக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள்.

"பிஸ்மில்லாஹ்வ மட்டும் படமாக்கிப் பெருசா அனுப்பும்மா."

"என் நிக்காஹ் பத்திரிகைக்கு நானே வேல பாக்கணுமா வாப்பா?" என்றாள். ஆனால் உடனே அனுப்பிவிட்டாள்.

மச்சான் திரையில் பெரிதாக்கி, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஓதிப் பார்த்தான். "சரியா இருக்கு மாமா" என்று சொல்லி மெஷினை ஓட்டினான். மை வாசனையோடு முதல் பத்திரிகையை மடியில் வைத்து ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் தொழுகை முடிந்து கொடுத்தபோது இமாம் மேல்வரியை வாய்விட்டு ஓதினார். "அழகா இருக்கே, யாரு செஞ்சது?"

நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "எல்லாருமா செஞ்சது ஹஜ்ரத்" என்றேன்.

இதை யாருக்காவது அனுப்புகிறவர்கள் ஒரு வரியும் சேர்க்க வேண்டாம், என் தவறைக் குறைக்கவும் வேண்டாம். வந்தது வந்தபடியே போகட்டும். வழியில் உடைந்தால் மனசு என்ன பாடுபடும் என்பதை நான் பார்த்துவிட்டேன்.