விளக்கிச் சொன்னவர்கள்

முகலாயர் காலத்தில் சமஸ்கிருத நூல்களைப் பாரசீகத்துக்குக் கொண்டுபோன விதம் வேடிக்கையானது. அரசவை எழுத்தருக்குப் பாரசீகம் தெரியும், சமஸ்கிருதம் தெரியாது. பண்டிதருக்குச் சமஸ்கிருதம் தெரியும், பாரசீகம் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு ஹிந்திதான். பண்டிதர் ஒவ்வொரு வரியையும் அந்த ஹிந்தியில் விளக்குவார். எழுத்தர் அதைக் கேட்டுப் பாரசீகத்தில் எழுதிக்கொள்வார். நூல் முடிந்ததும் பெயரும் பரிசும் எழுதியவருக்கு. விளக்கிச் சொன்னவர் பெயரை எங்காவது ஒரு மூலையில் போட்டிருந்தால் பெரிய விஷயம்.

அந்தப் பண்டிதர்களைப் பற்றித்தான் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். அதற்காகவே பாரசீகம் படித்தேன். தில்லியில் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு திருநெல்வேலிக் குமாஸ்தாவின் மகளுக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. பொண்ணு என்ன படிக்கிறா என்று யாராவது விசாரித்தால் அப்பா "ஹிஸ்டரி" என்று சொல்லிவிட்டு, பாரசீகத்தை மென்று விழுங்கிவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வங்கிப் பரீட்சை எழுதி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது பெரிய மனக்குறை.

பட்டம் வாங்கியபின் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அட்ஹாக் என்பார்கள். நாலு மாதத்துக்கு ஒரு முறை வேலை முடியும், இடையில் ஒரு நாள் விட்டு மறுபடி ஆரம்பிக்கும். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. இப்படியே எட்டு வருஷம் ஓட்டினேன். அதற்குள் அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஜனக்புரியில் வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருவழியாக நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த அதே இடத்தை நிரந்தரமாக்கி விளம்பரம் செய்தார்கள். எனக்குக் கிடைத்தால் நிரந்தர வேலை. வேறு யாருக்காவது கிடைத்தால் அன்றோடு என் வேலையும் போய்விடும். "இந்தத் தடவை உனக்குத்தான்" என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். நானும் நம்பித் தொலைத்தேன்.

நேர்முகத் தேர்வு மே மாதத்தில். வராந்தாவில் ஒரு கூலர் காற்றைவிடச் சத்தத்தை அதிகமாக வீசிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கஞ்சி போட்ட புடவையிலும் இஸ்திரிச் சட்டையிலும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். தேர்வுக் குழுவில் நிபுணராக வந்திருந்த பேராசிரியரின் மாணவி. அவள்தான் என்று முடிவாகிவிட்டது, நாங்கள் மற்றவர்களெல்லாம் கணக்குக்காக அழைக்கப்பட்டவர்கள் என்பது கேன்டீனில் சமோசா போடுகிறவருக்குக்கூடத் தெரிந்திருந்ததாம். எனக்குத் தெரியவில்லை.

நல்ல பெண். அதுதான் எரிச்சல். திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நான் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவள் குறிப்பு நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"தீதி, மொழிபெயர்ப்புப் பற்றிக் கேட்பார்கள் என்று சார் சொன்னார். எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. அது எப்படி நடந்தது?" என்று என்னை அக்காவாக்கி ஹிந்தியில் கேட்டாள்.

எட்டு வருஷத்தில் என்னிடம் யாரும் அதை அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. சொன்னேன். பண்டிதர், எழுத்தர், நடுவில் கடைத்தெரு ஹிந்தி எல்லாம் சொன்னேன். வானசாஸ்திரத்தில் ஒரு சொல்லுக்குப் பாரசீகத்தில் சொல் கிடைக்காமல் அரபியில் கடன் வாங்கியதையும், அந்த அரபுச் சொல் குறிக்கும் கணக்கே முன்னொரு காலத்தில் இங்கிருந்து பாக்தாதுக்குப் போனதுதான் என்பதையும் சொன்னேன். "அச்சா! அச்சா!" என்று கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டாள். எனக்கும் குஷி பிடித்துக்கொண்டது. அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்தது நான்.

முதலில் ஊர் கேட்டார்கள். தமிழ்நாடு என்றதும் பரதநாட்டியம் தெரியுமா என்று ஒருவர் விசாரித்தார். தெரியாது என்றேன். மதராஸி ஏன் பாரசீகம் படிக்க வேண்டும், தமிழ்த் துறையில் முயற்சி செய்யலாமே என்றார் இன்னொருவர். தமிழ்த் துறைக்குப் போனபோது, நீங்கள்தான் பாரசீகம் படித்திருக்கிறீர்களே என்று திருப்பி அனுப்பிய கதையை அவருக்குச் சொல்லவில்லை. கடைசியாக அந்தப் பேராசிரியர் மொழிபெயர்ப்பு எப்படி நடந்தது என்று கேட்டார். இதற்காகத்தானே பிறந்தேன் என்று ஆரம்பித்தேன். பாக்தாது வரைக்கும்கூடப் போகவில்லை, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னால் வந்த பெண் மிக அழகாகச் சொல்லிவிட்டாள். வெளியே சேர்ந்து படித்தீர்களோ? சொந்தமாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சிபாலும் சிரித்தார். என் ஆராய்ச்சி ஏடு அவர் முன்னால் மேஜையில்தான் இருந்தது, திறக்கப்படாமல். அதைத் திறந்து பாருங்கள் ஐயா என்று சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் வாசலில் நின்று, "தீதி, நீங்கள் இல்லாவிட்டால் நான் அவ்வளவுதான்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏளா, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையோ ஒனக்கு? போட்டிக்கு வந்தவளுக்கு எவளாவது சொல்லிக் குடுப்பாளா?"

"கேட்டாப்பா. தெரிஞ்சத எப்படிச் சொல்லாம இருக்க?"

"படிச்ச மூதி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. ஜூலையில் கல்லூரி திறந்தபோது நான் வீட்டில் இருந்தேன். ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம் அவள் போன் செய்தாள். வகுப்பில் மாணவர்கள் என்னைப் பற்றியே பேசுகிறார்களாம். நான் நடத்திய அந்த மொழிபெயர்ப்புப் பாடத்தைத்தான் அவள் அடுத்த வாரம் எடுக்க வேண்டுமாம். பண்டிதர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எதைப் படித்தால் தெரியும் என்று வரிசையாகக் கேட்டாள். குரலில் அதே ஆசை. கள்ளம் கபடமே இல்லை.

எனக்கு எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. காசியிலிருந்து வந்தவர்கள், தெற்கிலிருந்து வந்த ஒருவர், அவர்களைப் பற்றி எந்தச் சுவடியின் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதெல்லாம். ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"தீதி?"

"தெரியாதம்மா. மறந்துவிட்டது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா சோபாவில் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பத்தாம்ளா ஒனக்கு புத்தி வந்திருக்கு" என்றார்.

நான் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.