என் பன்னிரண்டு விதிகளும் அறுந்துபோன ஒரு பாவும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆம்பூரை அடுத்த ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவுக்கு நான் மேஸ்திரியாக இருந்தேன். அட்டையில் செய்த பேட்டர்னைத் தோலின்மேல் வைத்து, அதன் ஓரமாகக் கத்தியை ஓட்டுவது எங்கள் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று பலரும் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை.

தையல் பிரிவுக்குப் பெண்கள் நிறைய வரத் தொடங்கிய காலம் அது. காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். கைக்குழந்தை உள்ளவர்கள் பிள்ளையை எங்கே விடுவது? பேரணாம்பட்டுச் சாலையில் இருந்த எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி தானாகவே பிறந்திருந்தது. வேன் நிற்கும் இடத்துக்கு எதிர்வீட்டில் நான்கு பெண்கள் கூடி உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். முறைவைத்து, நாளுக்கு ஒருத்தி புகையிலையைத் தொடாமல் பின்கட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். அவள் பங்குப் பீடியை மற்ற மூவரும் சேர்த்துச் சுற்றிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, கம்பெனிப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பீடி இலை வெட்டிக் கொடுப்பார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததன்று. ஓராண்டாக ஒரு சச்சரவும் இன்றி நடந்துவந்தது.

அப்போது தையல் பிரிவில், குடியாத்தம் பக்கத்து நெசவாளர் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் தைத்த தையலில் குறை காண முடியாது. கணவர் பெங்களூரில் இருந்தார். வீட்டில் வேறு ஆளில்லை. ஒரு வயதுப் பெண் குழந்தை. அடிக்கடி வேலைக்கு வராமல் நின்றுவிடுவாள். சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். அதே ஊரிலிருந்து வந்த இன்னும் மூன்று பெண்களுக்கும் இதே தொல்லைதான். "எங்க ஊருக்கும் இன்னாவாச்சும் வழி சொல்லுண்ணா" என்று அவள் ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

கேட்க வேண்டுமா? அன்றே ஒரு பெரிய பேட்டர்ன் அட்டையை எடுத்து, எங்கள் ஊரில் நடப்பதைப் பன்னிரண்டு விதிகளாக, தூய தமிழில், அழகிய கையெழுத்தில் எழுதினேன். அவள் ஊரில் பீடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். எனவே 'பீடி வீடு' என்று வர வேண்டிய இடங்களில் 'தறி வீடு' என்று எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்த மாற்றம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்றுகொண்டே வாசித்தேன். ஒரு பெண், "தறி வீட்டுல புள்ளைங்களுக்கு எங்கண்ணா எடம்?" என்று கேட்டாள். "ஏழாம் விதியைக் கேளம்மா" என்று சொல்லிவிட்டு மேலே படித்தேன்.

ஒரு பெரியவர் தம் வீட்டைக் கொடுக்க முன்வந்தார். அவர் வீட்டில் இருந்தது குழித்தறி. நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தரையில் பள்ளம் தோண்டியிருக்கும். நெய்துகொண்டே அவரே பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதில் திங்கள் எப்படியோ கழிந்தது. செவ்வாயன்று பெரியவர் சாப்பிட எழுந்த நேரத்தில், அந்தப் பெண்ணின் குழந்தை தவழ்ந்துபோய்க் குழியில் இறங்கிவிட்டது. இறங்கியதோடு நில்லாமல், எழுந்து நிற்பதற்கு, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கியது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. பாவில் நாற்பது, ஐம்பது இழைகள் அறுந்துபோய்விட்டன. ஒவ்வோர் இழையாக முடிந்து தீர அவருக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. "ஒங்க மேஸ்திரிய அவுரு கத்தி மேல புள்ளய உட்டுப் பாக்கச் சொல்லு" என்று எனக்குச் சொல்லியனுப்பினார்.

புதன்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. வியாழக்கிழமை பக்கத்து வீட்டில் கெஞ்சிக் குழந்தையை விட்டுவிட்டு வந்தாள். வரும் திங்கள் முதல் ஒரு நாள் நின்றாலும் அவளுடைய மிஷினில் வேறு ஆளை உட்கார வைப்பேன் என்று சூப்பர்வைசர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நான் விரித்து வைத்திருந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாண்ணா, புள்ளி புள்ளியா?"

"உண்ணி கடிச்ச எடம்மா."

"அது மேல அட்டய வெப்பியா?"

"எவனாவது வெப்பானா? திருப்பி, தள்ளி வெப்பேன். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு தினுசு. அதப் பாத்துதான் வெக்கணும்."

"இத்தினி தெரிஞ்சிருக்குது ஒனக்கு. எங்க ஊர்ல மட்டும் ஏண்ணா குழி மேலயே வெச்ச?"

பக்கத்து மேசையில் ஒருவன் சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தான். எனக்கு முகம் சிவந்துபோனது. ஆயிரக்கணக்கான தோல்களைத் தடவிப் பார்த்து அட்டை வைத்த கை இது. ஓர் ஊரைத் தடவிப் பார்க்க அதற்குத் தோன்றவில்லையே.

சனிக்கிழமை மாலை அந்தப் பெரிய அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, எழுதாத பின்புறங்களைத் திருப்பிக்கொண்டேன். ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் ஒரே ஒரு தொல்லையை எழுதினேன். அதன் கீழே எங்கள் ஊரில் என்ன செய்தோம், ஏன் அது பலித்தது என்று இரண்டு வரி. மீதி இடத்தைக் காலியாக விட்டேன். பிள்ளையைப் பார்க்கிறவளுக்கு அன்றைய வேலை கெடக்கூடாது என்பது ஒன்று. தாய் வேனுக்கு நடக்கிற வழியிலேயே இடம் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஷூவின் துண்டுகளில் எது எதனோடு சேரும் என்பதற்கு ஓரத்தில் சிறு வெட்டு அடையாளம் வைப்போம். அதுபோலவே, ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் அட்டைகளுக்கு ஒரே மாதிரி வெட்டு வைத்தேன்.

மறுநாள் அவற்றை அந்த ஊர்ப் பெண்கள் நடுவே பரப்பி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அது எளிய காரியமன்று.

அவர்கள் அட்டைகளை எடுத்தார்கள், மாற்றினார்கள், சண்டை போட்டார்கள். "பார்க்கிறவளுக்கு வேலை கெடக்கூடாது" என்ற அட்டை ஒருத்தி கையில் வெகுநேரம் இருந்தது. "தறியத் தூக்கினு போவ முடியாது. நூல் சுத்துற ராட்டினத்தத் தூக்கினு போலாம் இல்ல?" என்றாள். எங்கே தூக்கிப் போவது? வேன் நிற்கும் முனையில் பஜனைக் கோயில் இருந்தது. பகலெல்லாம் பூட்டியே கிடக்கும். நல்ல நிழல், குழி இல்லை. சாவி யாரிடம்? பாவு அறுந்த பெரியவரிடம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பெண்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள். குழந்தை அவரைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டியது. அவர் உள்ளே போய்ச் சாவியோடு வந்தார்.

"சாமிகிட்டயே உடுங்க. அவுருகிட்ட அறுக்கறதுக்கு நூல் இல்ல" என்றார். தெருவே சிரித்தது.

திங்கட்கிழமை காலையில் நான்கு ராட்டினங்கள் பஜனைக் கோயிலில் இறங்கின. மூன்று சுழலும், ஒன்று ஓய்ந்திருக்கும். அதற்குரியவள் அன்றைக்குப் பிள்ளைகளோடு இருப்பாள். அவளுடைய பங்கை ஞாயிற்றுக்கிழமை கம்பெனிப் பெண்கள் வந்து சுற்றிக் கொடுப்பது என்று பேச்சு. அந்த வாரம் ஆறு நாளும், என்னிடம் வழி கேட்ட பெண் வேனிலிருந்து முதல் ஆளாக இறங்கினாள். சனிக்கிழமை சூப்பர்வைசர் அவள் மிஷின் அருகே வந்து நின்றார், தையலைப் பார்த்தார், போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பி, கட்டைவிரலால் ராட்டினம் சுற்றுவதுபோல் காட்டினாள். நான் சிரித்ததைப் பார்த்து என் பிரிவில் இருந்தவர்கள், "மேஸ்திரிக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார்கள்.

அட்டைகளை அவளே வைத்துக்கொண்டாள். பிறகு வேறோர் ஊர்ப் பெண்கள் வாங்கிப்போனார்கள். ஒருமுறை அவை என் பார்வைக்கு வந்தன. காலியாக விட்டிருந்த இடங்களில் நான்கைந்து பேருடைய கையெழுத்து. என்னுடைய இரண்டு வாக்கியங்களை அடித்துவிட்டு, அதைவிட நல்லதாக யாரோ எழுதியிருந்தார்கள். நான் எழுதாத மூன்று புதிய அட்டைகளும் இருந்தன, அவற்றின் ஓரங்களில் ஒழுங்காக வெட்டு அடையாளமும். கடைசியாக அவை கலவை என்ற ஊர்ப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டேன். அதன்பின் திரும்பவில்லை.

திரும்பாததில் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருத்தி அவற்றைத் தன் ஊருக்கு ஏற்பத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நான் எண்ணிக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் ஓர் அட்டைகூட மிச்சமில்லை. ஆகவே இந்த வரலாற்றையாவது தாங்கள் தங்கள் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கீழே கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கிறேன்.