பட்டியலில் இல்லாத நீதிமன்றம்

வெர்னா டோஹானி முத்திரை குத்தினால் பக்கத்து அறை மேஜையில் காபிக் கோப்பை குதிக்கும். அமெரிக்காவுக்குள்ளேயே பூர்வகுடிகள் தாங்களே ஆளும் நவஹோ நாட்டின் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்து மூன்று வருடமாக அவள்தான் எழுத்தர். அவள் கையிலிருக்கும் பெரிய நீலக்கல் காப்பு கவுண்டரில் எப்படி இடிக்கிறது என்று கேட்டே, இன்றைக்கு மனு கொடுக்கலாமா, நாளைக்கு வரலாமா என்று வக்கீல்கள் முடிவு செய்வார்கள். சிரிப்பும் அப்படித்தான். சிரித்தாளென்றால் வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள்.

அந்த வருடம் மார்ச்சிலிருந்து காப்புச் சத்தம் சரியில்லை. ஷான்டீன் கிளா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் குதிரை திருடு போயிருந்தது. சோடா என்று பெயர். பீப்பாய்களைச் சுற்றி ஓடும் பந்தயத்துக்காக நாலு வருடம் அவளே பழக்கிய பெண் குதிரை. ஜானி பிரவுன் என்று ஒருவன் அதை இணையத்தில் விலைக்குப் போட்டு, ரெண்டே நாளில் விளம்பரத்தை எடுத்துவிட்டு மாயமாகிவிட்டான். அந்தக் கணக்கு யாருடையது என்று அதை நடத்தும் கம்பெனிக்குத்தான் தெரியும். அரசு வழக்கறிஞர் கேட்டார், நீதிபதி எட்சிட்டி அம்மா வாரண்டில் கையெழுத்துப் போட்டார், வெர்னா முத்திரை குத்தினாள். கோப்பை குதித்தது. அவ்வளவுதான் நடந்தது.

கம்பெனியின் படிவத்தில் 'எந்த மாநிலம்' என்று ஒரு பட்டியல். ஐம்பது மாநிலமும் இருந்தது. கடலுக்கு நடுவில் கிடக்கிற தீவுகள்கூட இருந்தன.

"நம்மளக் காணோமே!" என்றாள் வெர்னா.

முதல் தடவை அரிசோனா என்று போட்டாள். அரிசோனாவில் இப்படி ஒரு நீதிமன்றம் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த தடவை 'வெளிநாடு' என்று போட்டாள். உங்கள் தூதரகம் வழியாக அனுப்பவும் என்றார்கள். யாதிலா, என்ன கூத்து இது! சொந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறவளிடம் தூதரகம் கேட்டால் கோபம் வராதா? மூன்றாவது பதில், மாநில நீதிமன்றத்தில் வாரண்ட் வாங்கி வரச் சொன்னது. அங்கே போனால், உங்கள் மண்ணில் உங்கள் ஆட்கள் செய்த திருட்டில் எங்களுக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தார்கள். அதுவும் சட்டப்படி சரிதான்!

ஷான்டீன் திங்கட்கிழமை தவறாமல் வந்து நிற்பாள். "சித்தி, ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு கண்ணு. இன்னொரு மன்னிப்புக் கடிதம். நல்ல காகிதம், அடுப்பு பத்தவைக்கலாம்."

சிரிக்க வைத்து அனுப்பிவிட்டு, அவள் போனதும் வெர்னா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இவ்வளவு வருடமாகக் குத்திய முத்திரைக்கு இந்த மண்ணுக்கு வெளியே மதிப்பே இல்லையா என்று அதையே திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை ஷான்டீன் ஓடி வந்தாள். குதிரையை விலை பேசி, படியாமல் விட்டுவிட்ட ஒரு ஆளை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறாள். ஜானி பிரவுனோடு எழுதிப் பேசியதெல்லாம் அந்த ஆளின் போனில் அப்படியே இருந்ததாம். தன் போனில் இருப்பதைக் கொடுக்க எந்தக் கம்பெனியைக் கேட்க வேண்டும்? அச்செடுத்துக் கொடுத்துவிட்டான்.

வெர்னா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், நீதிபதி அம்மாவே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பேரு ஜானி பிரவுனாம்! ஆனா கீழ என்ன எழுதியிருக்கான் பாரு. 'வணக்கம். நான் நிறைய ஆடுகள் குலம். உப்புக் குலத்து அப்பாவுக்குப் பிறந்தவன். அம்மாவைப் பெத்த தாத்தா கசப்புத் தண்ணீர், அப்பாவைப் பெத்த தாத்தா உயர்ந்த வீடு.' அடப் பாவி! பேரை மாத்தினவனுக்குக் குலத்தை மாத்த வாய் வரலையே!"

நாலு குலத்தையும் சொல்லி, யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் எங்கள் நவஹோ ஆட்கள் குதிரை விலைகூடப் பேசமாட்டார்கள். அந்த நாலு குலமும் சேர்ந்த வீடு அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். மூன்று பையன்கள். ஒருவன் ராணுவத்தில், ஒருவன் பீனிக்ஸில் லாரி ஓட்டுகிறான். மிச்சம் டெல்வின் பிட்சிலி.

"இதை வழக்கறிஞர்கிட்ட கொடு. நான் ஒண்ணும் சொல்லல, நான் வெறும் எழுத்தர்" என்றாள் வெர்னா, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு.

விசாரணை நாளன்று டெல்வின் சலவைச் சட்டையில் வந்து நின்றான். "நீ யாருன்னு சொல்லுப்பா" என்றார் நீதிபதி, எல்லாரிடமும் கேட்பதுபோல. டெல்வின் நிமிர்ந்து, நாலு குலத்தையும் அதே வரிசையில் கடகடவென்று சொன்னான். நீதிபதி கையிலிருந்த காகிதத்தை வரி பிசகாமல் திருப்பி வாசித்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, கோர்ட்டே சிரித்தது. டெல்வினின் காது சிவந்துவிட்டது.

"பழக்கம்மா. குலம் சொல்லாம எப்படிப் பேச்செடுக்கிறது?"

"உன் குலம் தெரிஞ்ச உனக்கு அந்தப் பொண்ணோட குலம் தெரியலையா?" என்றார் நீதிபதி. "அதுவும் நிறைய ஆடுகள்தான். ஒரே குலம்னா கூடப் பிறந்தவதானே, அவ குதிரையையே திருடியிருக்கே."

அதற்குப் பிறகு அவனை யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஷான்டீன் இருந்த பக்கம் பார்க்க முடியாமல், தானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். குதிரை கொலராடோவில் யாரிடமோ இருக்கிறது. விலாசம் கணக்கில் இருக்கிறது. பயத்தில் கணக்கை மூடிவிட்டான். மறுபடியும் கம்பெனிதானா என்று ஷான்டீனின் முகம் வாடியது.

வெர்னா ஒரு துண்டுச் சீட்டை நீதிபதியிடம் நீட்டினாள். நாம் கேட்டால்தானே தரமாட்டார்கள், அவன் கணக்கை அவன் கேட்டால்?

டெல்வின் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். வெர்னாவின் கவுண்டரிலேயே மூடிய கணக்கை மறுபடி திறந்து, அதிலிருந்த விவரத்தையெல்லாம் கேட்டான். "ரகசிய எண்ணை ஒழுங்கா அடி மகனே, நம்ம குலத்து மானம் போச்சு" என்று அவள் பக்கத்திலேயே நின்றாள். நாலு மாதமாகக் கம்பெனி தராதது பதினோரு நிமிடத்தில் வந்து இறங்கியது. விலாசத்தோடு.

ஒரு வாரம் கழித்து நீதிமன்ற வாசலில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கொலராடோவிலிருந்து குதிரையை மீட்டு ஏற்றிய வண்டியை ஷான்டீன் கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். கம்பி வழியாக சோடா மூக்கை நீட்டி வெர்னாவின் காப்பை நக்கிப் பார்த்தது. "வந்துட்டியாடி" என்று வெர்னா அழுதாள். இந்தத் தடவை துடைக்கவில்லை.

உள்ளே வந்தால் கம்பெனியிடமிருந்து நாலாவது கடிதம். உங்கள் நீதிமன்றம் எது என்று எங்களால் உறுதிசெய்ய இயலவில்லை, தயவுசெய்து உங்களை அடையாளப்படுத்தவும்.

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் அடித்தாள். 'வணக்கம். குதிரை கிடைத்துவிட்டது. நான் நிறைய ஆடுகள் குலம்.' அப்பா குலம், ரெண்டு தாத்தா குலம் எல்லாம் எழுதினாள். கீழே ஒரு வரி. 'நான் யார் என்று சொல்லிவிட்டேன். இனி நீங்கள் யார் என்று சொல்லுங்கள்.'

முத்திரையை எடுத்தாள். பக்கத்து அறையில் நீதிபதி அம்மா காபிக் கோப்பையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.