வி.ஆர். கருவியும் நான் சொல்லாமல் விட்ட குறைகளும்

பொருள் விற்பவனுக்கு வாய்தான் முதல். அந்த முதலைப் போட்டு மானத்தை இழந்தவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில் டிவி, மிக்சி விற்கும் கடை எங்களுடையது. கோடவுனில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என்னை முதலாளி கவுண்டருக்கு ஏற்றினார். ஏறிய சூட்டில் நான் செய்த முதல் காரியம், விலை உயர்ந்த வி.ஆர். கருவி ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னதுதான். கண்ணை மூடுகிற மாதிரி தலையில் மாட்டிக்கொண்டால் நிற்கிற இடம் மறைந்து கடலும் மலையும் நம்மைச் சுற்றி வந்துவிடும். "போனஸ் வந்ததும் மைன்ஸ் பர்மனென்ட் ஆளுங்க போட்டி போட்டுக்கிட்டு வருவாங்க சார்" என்று அடித்துச் சொன்னேன். அவரும் நம்பி வாங்கிவிட்டார். "தீபாவளிக்குள்ள இது போகலன்னா நீ மறுபடியும் கோடவுன்தான்" என்றார். கூடவே ஒரு தொழில் பாடமும் சொன்னார்: "நிறையைக் கேக்காமலே சொல்லு. குறையைக் கேட்டாலும் யோசிச்சுச் சொல்லு."

இடம் தேவை

முதலில் வந்தவர் குவார்ட்டர்ஸ்வாசி, ஷிப்ட் முடிந்து ஹெல்மெட்டோடு வந்திருந்தார். நான் படத்தின் துல்லியத்தைச் சொன்னேன். போனைச் சொருகிப் பார்க்கும் மலிவுப் பெட்டிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுவத்துல இடிச்சுக்க மாட்டோமா?" என்றார்.

யோசித்துத்தான் சொன்னேன். நாலா பக்கமும் கை வீசி நடக்க இடம் விட்டால் போதும், சோபா, கட்டில், டைனிங் டேபிள் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் போதும் என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது அபத்தமாகப் பட்டது. அவர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "அவ்வளவு இடம் எங்க குவார்ட்டர்ஸ்ல இருந்தா, நான் எதுக்குத் தம்பி வேற உலகத்துக்குப் போறேன்?"

சுத்தம்

முகத்தில் படும் பஞ்சு வியர்வையை உறிஞ்சும். வியர்வையை மட்டும்தான் உறிஞ்சும் என்று நான் நினைத்தது என் தப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலிலிருந்து நேராக வந்த ஒருவர் நெற்றி நிறையத் திருநீறோடு மாட்டிப் பார்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று போய்விட்டார். அடுத்து வந்தவர் ரிட்டயரான போர்மேன். ஆயுசுக்கும் கறுப்புச் சட்டை, சாமி பூதம் எதற்கும் தலை வணங்காதவர். "சுத்தமா இருக்குமா?" என்று கேட்டார். "கண்ணாடி மாதிரி இருக்கும் சார்" என்று மாட்டிவிட்டேன்.

கழற்றியதும் அவர் நெற்றியைப் பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று நான் திணறுவதற்குள் அவர் சைக்கிளில் ஏறி பஜாரைத் தாண்டிவிட்டார். மறுநாள் காலையில் வந்து நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டம்மா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முயற்சி பண்ணி முடியாதத, உன் மிஷினு ஒரே நிமிஷத்துல முடிச்சிடுச்சுப்பா."

எல்லா இடமும் தெரியும்

தீபாவளி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. அப்போதுதான் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, சீக்கிரம் பர்மனென்ட் ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் வருஷக்கணக்காகக் காத்திருப்பவர். மிக்சி வாங்க வந்தவர்களிடம் நான்தான் வலியப் போய், "இதுல உலகத்துல எல்லா இடமும் தெரியும்மா" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்பன்னா இவரு வேல செய்யற எடம் தெரியுமாண்ணா? கண்ணாலம் ஆனதுலேர்ந்து ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு போய்கினு இருக்காரு. ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. அவசரமாகத் தேடினேன். கிடைத்தது எங்கோ வெளிநாட்டில், பூமிக்கடியில் குடைந்த ஒரு நிலக்கரிச் சுரங்கம். நம்முடையது வானம் பார்த்த பள்ளம் என்பது டவுன்ஷிப்பில் குழந்தைக்கும் தெரியும். பார்த்ததே இல்லை என்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று, "இதாம்மா மைன்ஸ்" என்று மாட்டிவிட்டேன். என்ன ஓடுகிறதென்று வெளியே இருக்கிற யாருக்கும் தெரியாது. கணவர் பெருமையாகச் சிரித்தபடி நின்றார்.

"இருட்டா இருக்குதே" என்றார் அந்த அம்மா. "நீங்க எங்க நிப்பீங்க?" என்று இருட்டில் கையை நீட்டித் துழாவினார். அந்தப் படத்தில் மேற்கூரை சரிகிற கட்டம் ஒன்று உண்டு. அலறிக்கொண்டு கருவியைப் பிடுங்கி எறியாத குறையாக என் கையில் தந்தார்.

"நாளைலேர்ந்து வேலைக்குப் போவாதீங்க. நெழல்ல ஒக்காந்து பாக்கற வேலன்னுதான சொல்லிகினு இருந்தீங்க?"

"ஐயோ, நம்ம மைன்ஸ் அப்பிடி இல்ல. மேல வானம் தெரியும், வெளிச்சமா இருக்கும்" என்றார் கணவர். அந்த அம்மா நம்பவில்லை. "அண்ணன் காட்டுனாரே!" என்று என்னைக் கை காட்டினார். கட்டிய கணவனை விட்டுவிட்டு என்னை நம்பினார். கணவர் என்னைப் பார்த்தார். கல்லாவிலிருந்து முதலாளியும் பார்த்தார்.

"பொய்ம்மா. அது நம்ம ஊரே இல்ல. விக்கணும்னு காட்டிட்டேன்" என்றேன். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் நானே அடித்திருப்பேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம், "அப்ப நம்ம மைன்ஸ்ல மேலேர்ந்து எதுவும் வுழாதா?" என்று கேட்டார். கணவர் மிக்சி விலைச் சீட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

"பொய்ய நல்லா காட்டுனீங்கண்ணா. நெசத்தத்தான் இவரு இன்னும் காட்ட மாட்டேங்குறாரு."

இந்தக் கருவியின் நிறை குறை கேட்பவர்களுக்கு இப்போது கோடவுனிலிருந்து யோசிக்காமலே சொல்கிறேன்: நல்ல பொருள்தான், கழுத்து வலியும் வியர்வையும் கழற்றிய உடனே போய்விடும், வெட்கம்தான் அதைத் தலையில் மாட்டாத எனக்கு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை.